கால் வைக்காமலே பிடித்த பிரேக்

கொலராடோவின் தெற்குப் பகுதியில் உல்ஃப் கிரீக் கணவாய் என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. யு.எஸ். 160 நெடுஞ்சாலை அங்கே 10,857 அடி உயரத்துக்கு ஏறி, மறுபக்கம் பகோசா ஸ்பிரிங்ஸ் ஊரை நோக்கி இறங்குகிறது. ஏறத்தாழ 7 சதவீதச் சரிவு. அதாவது நூறு அடி போனால் ஏழு அடி கீழே. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் கொட்டிய தப்பிக்கும் பாதைகள் இரண்டு அந்த மேற்கு இறக்கத்தில் உண்டு. இரண்டு கோடைக்கு முன்னால் அந்த வழியாக எங்கள் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் சமையலறையுமாக வீடு போல் கட்டிய வண்டியை, ஓட்டிக்கொண்டு வந்தேன். பின்னால், டோ பார் என்ற இழுவைச் சட்டத்தில் மாட்டிய எங்கள் ஜீப், நான்கு சக்கரமும் தரையில் உருள வந்துகொண்டிருந்தது.

டெக்சாஸிலிருந்து கிளம்பி, கிரேட் சாண்ட் டூன்ஸ் மணல்மேடுகளைப் பார்த்துவிட்டு, மேசா வெர்டே தேசியப் பூங்காவுக்குப் போகிற வழி. நிதானமாகத்தான் இறங்கினேன். பாரம் இழுக்கும்போது கியரைத் தாழ்வாக வைத்திருக்கும் டோ-ஹால் பொத்தானை அழுத்தி, கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டிருந்தேன். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வது எனக்கு வேதவாக்கு. பிரேக் மிதியை அநேகமாகத் தொடவே இல்லை. "இன்னைக்கு வண்டி எவ்வளவு அடக்கமா இறங்குது பார்த்தியா" என்று மனைவியிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

கொண்டை ஊசி வளைவை ஒட்டிப் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒதுங்கும் இடம் வந்தது. நிறுத்தினேன். மகள்தான் முதலில் இறங்கிப் பின்பக்கம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பா, ஜீப்புக்கிட்ட ஏதோ கருகுற வாடை வருது."

பிரேக் கருகும் வாடையை ஒருமுறை முகர்ந்தவருக்கு அது மறக்காது. எரிந்த ரப்பரும் இரும்பும் கலந்த மாதிரி, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஜீப்பின் முன் வலது சக்கரத்தின் பக்கம் குனிந்தேன். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டியபோதே அடுப்புப் பக்கம் நீட்டியது போல் இருந்தது. வெள்ளியாக மின்ன வேண்டிய டிஸ்க், மயில் கழுத்து நிறத்தில் நீலமும் ஊதாவுமாக மாறியிருந்தது. உள்ளிருந்து டிக், டிக் என்று இரும்பு ஆறுகிற சத்தம். பேட் இருக்கும் இடத்திலிருந்து மெல்லிய புகை எழுந்து காற்றில் கரைந்தது. இடது பக்கமும் அப்படியே.

"தண்ணி ஊத்தலாமாங்க?" என்று மனைவி குடத்தை எடுத்தாள். வேண்டாம் என்றேன். அவ்வளவு சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் விரிசல் விடும். தீயணைப்பானை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம்.

ஜீப்பின் கதவைத் திறந்து பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் எங்கள் பிரேக் பெட்டி, அதாவது மோட்டார்ஹோம் நிற்கும்போது ஜீப்பின் மிதியையும் அழுத்தித் தரும் துணை பிரேக் கருவி, எப்போதும் போல உட்கார்ந்திருந்தது. அதன் கை பிரேக் மிதியைக் கவ்வியபடி இருந்தாலும் அழுத்திக்கொண்டிருக்கவில்லை. மிதி முழுதாக மேலே இருந்தது. எதுவும் நடக்காதது போல எல்லாம் அமைதியாக இருந்தது.

இரண்டு மணி நேரம் ஆறவிட்டோம். அப்புறம் டோ பாரைக் கழற்றி, ஜீப்பை நான் லோ கியரில் நத்தை வேகத்தில் கீழே இறக்கினேன். மனைவி மோட்டார்ஹோமை ஓட்டி வந்தாள். பகோசா ஸ்பிரிங்ஸில் ஒரு மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, முன்பக்கப் பேட்கள் கண்ணாடி போல் இறுகிப்போய்விட்டன, டிஸ்க் இரண்டும் நெளிந்துவிட்டன, பிரேக் எண்ணெயையும் முழுதாக மாற்ற வேண்டும் என்றார். பெட்டியையும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் சிறிது நேரம் பார்த்தவர் சொன்ன வார்த்தையைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்: "பெட்டி கெட்டுப்போகலை. நீங்க என்ன சொல்லி வச்சீங்களோ அதைத்தான் செஞ்சிருக்கு."

மோட்டார்ஹோம் வைத்திருக்கிற நம் ஆட்கள் சிலர், பின்னால் இழுக்கும் காருக்கு எந்தத் துணை பிரேக் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, எவ்வளவு பலமாகப் பிடிக்கும் என்பது. நானும் முதல் முறை அதைத்தான் கேட்டேன். பிடிக்கக் கூடாத நேரத்தில் பிடித்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை நம்பகம் என்ற வார்த்தைக்கு இந்த விஷயத்தில் அதுதான் பொருள்.

முதலில், துணை பிரேக் தேவைதானா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் மோட்டார்ஹோம் ஃபோர்டு எஃப்-53 என்ற சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், கட்டியது, பெட்ரோல் வி10 எஞ்சின். பயணத்துக்கு எல்லாம் ஏற்றிய பிறகு லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடைமேடையில் நிறுத்தினால் 20,600 பவுண்ட். ஜீப் ரேங்க்ளர், நான்கு கதவு, 4,300 பவுண்ட். அதாவது மோட்டார்ஹோமின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பின்னால் சேர்ந்து தள்ளுகிறது. மோட்டார்ஹோமின் பிரேக்குகள் அதன் சொந்த முழு எடையை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. பின்னால் இழுக்கலாம் என்று சேஸிக்குத் தரும் மொத்த எடை அனுமதி எஞ்சினும் கியரும் அடிச்சட்டமும் தாங்கும் எடையைச் சொல்கிறது. நிறுத்துகிற வேலையை இழுபடும் வண்டி தன் பங்குக்குச் செய்துகொள்ளும் என்பது அதில் அடங்கிய எதிர்பார்ப்பு. ஃபோர்டின் கையேட்டிலேயே, இழுபடும் வண்டி 1,500 பவுண்டைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்று இருக்கிறது. பல மாநிலச் சட்டங்களில் 3,000 பவுண்ட் எல்லை, கலிஃபோர்னியாவில் 1,500. ரேங்க்ளர் இந்த இரண்டு எல்லைக்கும் உள்ளே வராது.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் கணக்கு எளிது. பிரேக்கின் பலம் அதேதான், எடை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்றால் நிற்கும் தூரமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். நூறு மீட்டரில் நிற்க வேண்டியது நூற்றிருபதில் நிற்கும். அந்த இருபது மீட்டருக்குள் நான்கு கார்கள் வரிசையாக நிற்கலாம்.

ஆகவே உல்ஃப் கிரீக்கில் அவ்வளவு நடந்த பிறகும், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுமனே இழுத்துப் போகலாம் என்ற எண்ணம் வரவில்லை. என்ன நடந்தது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எங்களிடம் இருந்தது கழற்றி மாட்டும் வகை. ஜீப்பின் தரையில் வைத்து, பின்புறத்தை இருக்கையோடு முட்டுக்கொடுத்து, கையை மிதியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் ஓர் உணர்கருவி, வண்டி வேகம் குறைவதை உணர்ந்ததும் மிதியை அழுத்தும். மோட்டார்ஹோமிலிருந்து அதற்கு எந்தத் தகவலும் வராது. நான் பிரேக் மிதியில் கால் வைத்தேனா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

முன்கண்ணாடியில் ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் பிரேக் போட்டால் அது முன்னால் சாயும். இந்தப் பெட்டியின் உணர்கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது. சரி, இப்போது அந்தச் சாவிக்கொத்தோடு 7 சதவீத இறக்கத்தில் இறங்குங்கள். வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், எஞ்சின் பிடியில், ஒரே வேகமாக. சாவிக்கொத்து நேராக பூமியைப் பார்த்துத் தொங்கும். ஆனால் வண்டியே மூக்கைக் கீழே சாய்த்திருப்பதால், வண்டிக்குள் இருந்து பார்த்தால் கொத்து முன்னால் சாய்ந்துதான் தெரியும். பிரேக் போட்டதால் சாய்ந்ததா, சரிவால் சாய்ந்ததா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7 சதவீதச் சரிவில் ஒரே வேகமாக இறங்குவது, சமதரையில் மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நாற்பது வினாடியில் மெல்ல நிற்பதற்குச் சமமான சாய்வைத் தருகிறது.

மெல்ல நிற்பதுதான், சாதாரணமாக அதற்குப் பெட்டி அசையாது. ஆனால் அந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஊருக்குள் சிக்னல்களில் அது சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து உணர்திறன் திருகை நான் ஏற்றி வைத்திருந்தேன். சிக்னலில் மென்மையாக நிற்கும்போதும் உதவட்டும் என்று வைத்த அளவு, உல்ஃப் கிரீக்கில் முழு இறக்கத்துக்கும் மிதியை அழுத்திப் பிடித்திருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் வண்டியை உருளவிட்டிருந்தால் அது சும்மா இருந்திருக்கும். நான் எஞ்சினைக் கொண்டு ஒழுங்காக இறக்கியதால்தான் பிரேக் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டது. வண்டி அடக்கமாக இறங்குகிறது என்று நான் மனைவியிடம் சொன்னேனே, அப்போது ஜீப் கருகிக்கொண்டிருந்தது.

எவ்வளவு சூடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1,950 கிலோ ஜீப் தன் எடையைத் தானே பிடித்துக்கொண்டு நூறு மீட்டர் உயரம் இறங்கினால், அதன் பிரேக்குகளில் சேரும் வெப்பம் ஐந்தரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது நூறு மீட்டருக்கு மட்டும். மலை இறக்கம் நூறு மீட்டரில் முடிவதில்லை.

இதையெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உணர முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. பத்து டன்னுக்கு நெருக்கமான வண்டியை ஓட்டும்போது, முப்பதடிக்கும் பின்னால் ஒரு காரின் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது சமதரையில் லேசான எதிர்க்காற்று மாதிரி இருக்கும். இறக்கத்தில் அது உதவியாகவே தோன்றும். அதற்காகத்தான் பெட்டியோடு ஒரு சின்ன விளக்கு தருகிறார்கள். ஜீப்பில் மிதி அழுத்தப்பட்டால் மோட்டார்ஹோமின் டேஷ்போர்டில் அது எரியும். எங்கள் விளக்கின் பேட்டரி முந்தைய குளிர்காலத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. நான் மாற்றவில்லை. இரண்டு சின்ன பேட்டரி.

மேசா வெர்டேயைப் பாதியில் முடித்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு இரண்டு மாதம் இதையே படித்தேன், விசாரித்தேன், மற்றவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கடையில் இருக்கும் எல்லாவற்றையும் பலத்தைக் கொண்டும் விலையைக் கொண்டும் பிரிக்கிறார்கள். எனக்கு வேறு பிரிவு தேவைப்பட்டது: பிடி என்ற கட்டளை அதற்கு எங்கிருந்து வருகிறது?

மோட்டார்ஹோமில் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக் இருந்தால் இந்தக் கேள்விக்கு அழகான பதில் இருக்கிறது. பெரிய டீசல் வண்டிகளில் அதுதான். ஏர் ஃபோர்ஸ் ஒன், எம் அண்ட் ஜி மாதிரியான அமைப்புகள் மோட்டார்ஹோமின் காற்றழுத்தத்தையே ஒரு குழாய் வழியாகக் காருக்குக் கொண்டுபோகின்றன. நீங்கள் மெல்ல மிதித்தால் கார் மெல்லப் பிடிக்கும், அழுத்தி மிதித்தால் அழுத்திப் பிடிக்கும், விட்டால் விட்டுவிடும். ஊகம் எதுவும் இல்லை. ஏர் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் மேற்கொண்டு தேட வேண்டாம் என்பேன். எங்கள் எஃப்-53-இல் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், ஆகவே அந்த வழி எங்களுக்கு இல்லை.

அடுத்தது, டோ பாரே பிரேக்கை இயக்குவது. ரெடி புரூட் என்ற டோ பார் இந்த வகை. மோட்டார்ஹோம் வேகம் குறையும்போது பின்னால் வரும் கார் முன்னால் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளல் ஒரு நெம்புகோலை அசைத்து, ஒரு கேபிள் வழியாகக் காரின் மிதியை இழுக்கும். மின்சாரம் வேண்டாம், உணர்கருவி வேண்டாம், கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நீண்ட இறக்கத்தில், எஞ்சின் பிடியில் இறங்கும்போதும் கார் முன்னால் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். தள்ளுகிற அளவுக்குத் தகுந்தபடி லேசாகத்தான் பிடிக்கும் என்பது உண்மை. சமவெளியில் வாழ்கிறவராக இருந்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன். ஒருமுறை கருகியதைப் பார்த்த எனக்கு மனசு ஒப்பவில்லை.

மூன்றாவது வகை, மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கிலிருந்து கட்டளை வாங்குவது. ரோட்மாஸ்டரின் இன்விசிபிரேக் அப்படி. இருக்கைக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்திவிடுவார்கள். உங்கள் கால் மிதியில் பட்டுப் பிரேக் விளக்கு எரிந்தால் மட்டுமே ஜீப் பிடிக்கும். உல்ஃப் கிரீக்கில் எனக்கு நடந்தது இதில் நடக்காது. ஆனால் டீசல் வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மோட்டார்ஹோம்களில், புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யும்போதெல்லாம் பின் பிரேக் விளக்குகளும் எரியும்படி இணைத்திருப்பார்கள். அப்படியென்றால் மலை இறக்கம் முழுக்க விளக்கு எரியும், விளக்கை நம்பும் கருவியும் இறக்கம் முழுக்கப் பிடிக்கக்கூடும். இரவில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு ஓட்டிப் பார்த்து விளக்கு எரிகிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் இந்த வகையை வாங்க வேண்டும்.

நான் வாங்கியது இரண்டையும் சேர்த்துக் கேட்கும் ஒன்று. இப்போது டெம்கோ பெயரில் வரும் ஸ்டே-இன்-ப்ளே டுவோ. மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கு எரிய வேண்டும், அதோடு வண்டி உண்மையிலேயே வேகம் குறைகிறது என்று உணர்கருவியும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் ஜீப் பிடிக்கும். கால் வைக்காமல் எஞ்சின் பிடியில் இறங்கினால் விளக்கு இல்லை, ஆகவே பிரேக் இல்லை. நெரிசலில் மிதியில் கால் வைத்தபடி நின்றுகொண்டிருந்தால் விளக்கு உண்டு, வேகக் குறைவு இல்லை, ஆகவே பிரேக் இல்லை. இதைப் படித்த அன்று இரவு மனைவியிடம் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டி விளக்கினேன். "அப்போ ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்க முடியும்ங்கிற மாதிரி" என்றாள். அவள் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவள்.

விலை, நிரந்தரமாகப் பொருத்தும் வகைகளில் கருவி மட்டும் ஆயிரம் டாலரைத் தாண்டும், பொருத்தும் கூலி தனி. கழற்றி மாட்டும் பெட்டிக்கும் ஏறக்குறைய அதே விலைதான், கூலி மட்டும் மிச்சம். இரண்டு மூன்று கார்களை மாற்றி மாற்றி இழுக்கிறவர்களுக்குப் பெட்டி வசதி. உணர்திறனைக் குறைவாக வைத்து, டேஷ்போர்டு விளக்கை உயிரோடு வைத்திருந்தால் அதுவும் நன்றாகவே உழைக்கும்.

மிதியை அழுத்துவதை எளிதாக்கும் பூஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜீப்பின் எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்புக்குத்தான் வரும். அப்புறம் மிதி கல் போல இறுகிவிடும். கழற்றி மாட்டும் பெட்டி அந்த இறுகிய மிதியை முரட்டுத்தனமாக அழுத்துகிறது. அதனால்தான் மாட்டுவதற்கு முன் மிதியை நான்கைந்து முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிடச் சொல்வார்கள். அதை மறந்தால் முதல் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பிடிக்கலாம். டுவோவிலும் இன்விசிபிரேக்கிலும் கருவியே பூஸ்டருக்கு வெற்றிடம் தருகிறது, அதனால் மிதியை மென்மையாக இழுத்தால் போதும். மிதியை அழுத்துகிற விசை குறைவாக இருப்பது எனக்கு நிம்மதி. எஞ்சின் அணைந்திருந்தாலும் பூஸ்ட் குறையாத பிரேக் அமைப்பு ஹைபிரிட் கார்கள் பலவற்றில் இருக்கிறது. அவற்றுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று தயாரிப்பாளரின் பட்டியலில் காரின் ஆண்டு, மாடலோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பொருத்தியது எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடை. வேலை சுத்தமாக இருந்தது, ஒன்றைத் தவிர. பிரேக்அவே என்று ஒரு ஊசி உண்டு. ஜீப்பின் முன்பக்கம் ஒரு சின்ன சுவிட்சுக்குள் அது செருகியிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மோட்டார்ஹோமுக்குப் போகும். டோ பாரோ, அதை மோட்டார்ஹோமில் மாட்டும் ஹிட்ச்சோ உடைந்து ஜீப் தனியாகப் பிய்த்துக்கொண்டால் கம்பி ஊசியை உருவிவிடும், உடனே ஜீப்பின் பிரேக் முழுதாகப் பிடிக்கும். அந்தக் கம்பியைக் கடையில் டோ பாரிலேயே மாட்டி வைத்திருந்தார்கள். ஹிட்ச்சிலிருந்து டோ பார் கழன்றால் டோ பாரும் ஜீப்போடுதானே போகும்? ஊசி உருவப்படவே மாட்டாது. மண்டியிட்டு அரை மணி நேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. கழற்றி மோட்டார்ஹோமின் அடிச்சட்டத்தில் மாட்டினேன். தயவுசெய்து இன்றே உங்கள் கம்பி எங்கே மாட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

இந்த ஊசியும் பிரேக்கும் ஜீப்பின் சொந்த பேட்டரியில்தான் வேலை செய்கின்றன. எட்டு மணி நேரம் இழுத்துப் போகும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். தீர்ந்த பேட்டரியோடு பிய்த்துக்கொண்ட ஜீப்புக்கு பிரேக் கிடையாது. மோட்டார்ஹோமிலிருந்து இணைப்புக் கேபிள் வழியாக ஒரு சார்ஜ் கம்பி இழுத்துக்கொண்டோம்.

ஞாயிறு காலை காலியாக இருந்த ஒரு கடைவளாகத்தின் பரந்த நிறுத்துமிடத்தில் சோதித்தோம். மகள் ஜீப்புக்கு இணையாக, தள்ளி நின்று சக்கரங்களைப் பார்த்தாள். மணிக்கு 25 மைல் வேகத்திலிருந்து பிரேக் போட்டேன். முதல் தடவை ஜீப் பின்னால் இழுப்பது போல் ஒரு வெட்டு. அழுத்தத்தைக் குறைத்தோம். நான்காவது தடவை ஜீப் அங்கே இருப்பதே தெரியாமல் வண்டி நின்றது. பிறகு ஊசியை உருவிப் பார்த்தோம். ஜீப்பின் மிதி தானாக உள்ளே போய் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது, ஆளில்லாத இருக்கையில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் மகளுக்கு உடம்பு சிலிர்த்ததாம்.

இவ்வளவு செய்த பிறகும் ஒன்று மாறவில்லை. இறக்கத்தில் மிதியை லேசாகத் தடவிக்கொண்டே வந்தால் விளக்கும் எரியும், சரிவை உணர்கருவி வேகக் குறைவு என்றே எடுத்துக்கொள்ளும்; இரண்டு கையெழுத்தும் விழும், ஜீப்பும் விடாமல் பிடித்துக்கொண்டே வரும். இங்கே லாரி உரிமத்துக்குப் படிக்கிறவர்களுக்குச் சொல்லித் தருகிற முறைதான் சரி: பாதுகாப்பான வேகத்தைத் தொட்டதும் அழுத்தமாகப் பிரேக் போட்டு, மூன்று வினாடி போல, ஐந்து மைல் குறைந்ததும் முழுதாகக் காலை எடுத்துவிட வேண்டும். மறுபடி வேகம் ஏறினால் மறுபடி அதே.

போன ஜூனில் அதே பாதையில் மறுபடி போனோம். மனைவிதான் கேட்டாள், மேசா வெர்டேயை அவள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. கணவாய் உச்சியில் நிறுத்தி இறங்கும் முன்னால் டேஷ்போர்டு விளக்கைச் சோதித்தேன். இந்த முறை அது கம்பியில் இணைத்தது, பேட்டரி கிடையாது. இறங்க ஆரம்பித்ததும் அவள் சாலையைப் பார்க்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கால் வைக்கும்போதெல்லாம் "எரியுது" என்பாள். எடுத்ததும் "அணைஞ்சிருச்சு" என்பாள். கொண்டை ஊசி வளைவுவரை எட்டு முறையோ ஒன்பது முறையோ.

அந்தப் பழைய இடத்தில் நிற்கவில்லை. இன்னும் கீழே, ட்ரெஷர் அருவிக்குப் போகும் நிறுத்துமிடத்தில் வண்டியை ஒதுக்கினேன். மகள் வெப்பமானியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். துப்பாக்கி மாதிரி நீட்டினால் தொடாமலே சூட்டைச் சொல்லும் வகை. இப்போதெல்லாம் எங்கே நின்றாலும் முதல் வேலை அதுதான். மோட்டார்ஹோமின் முன் சக்கரம் 128 டிகிரி செல்சியஸ். ஜீப்பின் முன் வலது 71, முன் இடது 69. பின்பக்கம் இரண்டும் ஐம்பதுக்குக் கீழே. சத்தமாகச் சொல்லச் சொல்ல மனைவி குறித்துக்கொண்டாள். அப்புறம் ஜீப்பின் கதவுகளைப் பூட்டிவிட்டு அருவியைப் பார்க்க நடந்தோம்.